விருந்தாளியாகிவிட்ட அம்மம்மாக்கள்

ஜூலை, ஒகஸ்ட் மாதங்கள் நெருங்கும்போது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள பல வீடுகளில் பயண ஆயத்தங்கள் ஆரம்பமாகின்றன. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை விடப்படும் காலம் இதுவாகும். சில வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து சேர்கின்றனர். வேறு சில வீடுகளிலிருந்து, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், நெற்றலிக் கருவாடு என்பவற்றைப் பொதி செய்துகொண்டு அம்மம்மா புறப்படுகின்றார். ஊரவர் இதனை 'வெளிநாடு பார்க்கப் போகும்' பயணம் என்கின்றனர். ஆனால், எமது பிரதேசத்தின் குடும்ப அமைப்பை அறிந்தோருக்கு இப்பயணத்தின் பொருள் அதனிலும் ஆழமானது என்பது புரியும்.

தாய்வழிக் குடியும் தாய் வீடும்

மட்டக்களப்புப் பிரதேசத்தில் 'குடி' என்பது தாய்வழியாகவே வருகின்றது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடியே. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராருக்கும் பொதுவான வழமை இதுவாகும். ஒரே குடிக்குள் திருமணம் செய்வது இருசாராராலும் தவிர்க்கப்பட்டு வந்துள்ளது. கோயில் நிருவாகத்திலும் பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவிலும் குடிகளுக்கு இடமளிக்கப்பட்டு வந்தமை குறிப்பிடத்தக்கதாகும்.

இதனோடு இணைந்ததே வீடு பற்றிய வழமை. பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பர். மருமகன் அவ்வீட்டிற்கு வந்து குடியமர்வார். பெற்றோர் அதே வளவில் சிறியதொரு வீட்டிலோ அயலிலோ வாழ்வர். எனவே எமது பிள்ளைகள் அம்மம்மாவின், முஸ்லிம் வீடுகளிலாயின் உம்மம்மாவின், கண்முன்னேயே வளர்ந்தனர். அங்கு அவர் விருந்தாளியல்லர். வீடே அவருடையதாக இருந்தது.

1983இன் பின்னர் தீவிரமடைந்த யுத்தமும் இடப்பெயர்வும் பெருந்தொகையானோரைச் சுவிட்சர்லாந்து, பிரித்தானியா, கனடா முதலிய நாடுகளுக்கு அனுப்பின. தொழில் தேடி மத்திய கிழக்கிற்குச் சென்றோரும் பலர். சீதன வீடு பூட்டிக் கிடக்க, மகள் வேறொரு கண்டத்தில் குடும்பம் நடத்துகின்றாள். மறுபுறம், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி வறிய குடும்பங்களின் தாய்மார் பலர் பணிப்பெண்களாகச் சென்றபோது, பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் இந்த மூதாட்டியரையே சார்ந்தது. ஒருத்தி பேரப்பிள்ளையைப் பிரிந்து தவிக்க, இன்னொருத்தி மகளைப் பிரிந்து பேரப்பிள்ளையைச் சுமக்கின்றாள்.

நாட்கணக்கில் அடங்கிய உறவு

ஒரு வளவில் வாழ்நாள் முழுவதும் நீடித்த உறவு இன்று விசா நாட்களுக்குள் அடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் இணைந்துள்ளது. அந்நாடுகளில் குறுகிய கால விசாவுடன் செல்பவர், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் அவசியம். பிரித்தானியாவில் சாதாரண வருகை விசாவில் ஒரு தடவைக்கு 6 மாதங்கள் வரை தங்கலாம். கனடா 2011 டிசெம்பரில் பெற்றோர், பாட்டன், பாட்டியருக்கென 'சுப்பர் விசா'வை அறிமுகப்படுத்தியது. அவ்விசாவில் ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரை தங்க முடிகின்றது. எனினும் அழைப்பவர் போதிய வருமானத்தைக் காட்ட வேண்டும். 100,000 கனேடிய டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

இங்கு ஒரு எச்சரிக்கை அவசியமாகும். எமது முதியோரில் பலர் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உடையவர்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்கான செலவைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை அல்லது நிபந்தனைகளுடன் மட்டுமே ஏற்கின்றன. எனவே விமானச் சீட்டைப் பதிவு செய்வதற்கு முன்னரே இந்நிபந்தனைகளை வாசித்தறிய வேண்டியது பிள்ளைகளின் கடமையாகும்.

விடுமுறையா, வேலையா?

அழைக்கும் மகளும் மருமகனும் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். முற்றமும் வேலியோரத்து அயலவரும் இல்லாத மாடி வீட்டில் அம்மம்மா தனித்திருக்கின்றார். தெருப் பலகையை வாசிக்க முடியாததால் வெளியே செல்ல அஞ்சுகின்றார். கைக்குழந்தை இருக்குமாயின் அதனைப் பராமரிப்பதும், சமைப்பதும், துணி மடிப்பதும் அவருடைய பொறுப்பாகிவிடுகின்றன. மறுத்துப் பேச அவருக்கு மனம் வராது. பேரப்பிள்ளைக்குச் செய்வது அவருக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காரணமாகக் கொண்டு, முழங்கால் வலியோடு நிற்கும் ஒரு முதியவரிடம் முழுநாள் வேலை வாங்குவது நியாயமாகாது. ஊரில் இருந்தபோது அவர் செய்த அதே வேலைதானே என்று வாதிடுவோர் உளர். ஊரில் அவருக்குத் துணையாகச் சகோதரிகளும் அயலவரும் இருந்தனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

அடுத்த சிக்கல் மொழியாகும். பேரப்பிள்ளை தமிழை விளங்கிக்கொண்டு ஜேர்மன் மொழியில் பதில் சொல்கின்றது. தாய் இடையில் நின்று மொழிபெயர்க்கின்றாள். இவ்வுதவி உண்மையில் தடையாகவே அமைகின்றது. இருவரையும் சமையலறையிலோ பூங்காவிலோ தனியே விட்டால், சொல்லாலும் சைகையாலும் அவர்கள் தாமே வழி கண்டுகொள்வர். வார இறுதித் தமிழ்ப் பாடசாலை எழுத்தைக் கற்பிக்கும். ஆனால் 'மறுகா' போன்ற எமது மண்ணின் சொற்களை அந்தப் பிள்ளை அம்மம்மாவின் வாயிலிருந்தே கேட்க முடியும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாளையேனும் அவருக்கென ஒதுக்குங்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ, தமிழ் பேசும் இன்னொரு மூதாட்டியின் வீட்டிற்கோ அழைத்துச் செல்லுங்கள். எப்போது ஊர் திரும்புவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அடுத்த ஆண்டு ஆடி அமாவாசையின்போது பேரப்பிள்ளைகளை மாமாங்கத்திற்கு அழைத்து வாருங்கள். முஸ்லிம் குடும்பத்தவர் ஒரு பெருநாளையேனும் உம்மம்மாவின் வீட்டில் கொண்டாடட்டும்.

விசாவின் நாட்களை எம்மால் கூட்ட முடியாது. ஆனால் அந்த நாட்களில் எமது முதியோர் விருந்தாளியாகவோ பணியாளாகவோ அன்றி, வீட்டுக்கு உரியவராக வாழ இடமளிப்பது முற்றிலும் எமது கைகளிலேயே உள்ளது.