எண்ணெய்ப் பீப்பாவில் மீன் புகையூட்டல்

சிறுபோக வெள்ளாமை முடிவுறும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் வன்னியிலும் கிழக்கிலுமுள்ள குளங்களின் நீர் வற்றி, அலைகரை வெளித்தோன்றும். எஞ்சிய நீரில் மீன் நெருங்கி நிற்பதால் மிகுதியாகப் பிடிபடும். 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளங்கள்தோறும் பெருகியுள்ள திலாப்பியா மீன் அக்காலத்திற் குளக்கட்டிலேயே மலிவாகக் கிடைக்கும். எனினும் காலையில் வாங்கிய மீன் மாலைக்குட் பழுதாகிவிடும். சில கிழமைகளின் பின், மழை தொடங்கிப் பெரும்போக விதைப்பு நடைபெறும் வேளையில், அதே வீட்டிற் கறிக்கு மீன் இராது.

மலிந்த காலத்து மீனை அரிய காலத்துக்கு வைத்துக்கொள்வதற்குக் கருவாடு ஒரு வழி. புகையூட்டல் மற்றொரு வழி. அடுப்பின் மேற் பரண் கட்டி இறைச்சியையும் மீனையும் புகையிற் காயவைத்தல் நமது கிராமங்களுக்குப் புதிதன்று. ஆனால் பரணில் வெப்பத்தை அடக்கி ஆளல் இயலாது. மூடியுள்ள ஓர் இரும்புப் பீப்பாவில் அது இயலும். அமெரிக்காவில் இறைச்சி வாட்டுவோர் இத்தகைய பீப்பாக்களைத் தாமே செய்துகொள்கின்றனர். மேற்கு ஆபிரிக்கக் கரையோரப் பெண்களும் எண்ணெய்ப் பீப்பாவை அடுப்பாக்கி நெடுங்காலமாக மீன் புகையூட்டி வந்துள்ளனர்.

பீப்பாவைத் தெரிதல்

இவ்வேலையில் முதலாவதும் முதன்மையானதுமான படி இதுவே. 200 லீற்றர் கொள்ளும் உருக்குப் பீப்பா ஏறக்குறைய 35 அங்குல உயரமும் 23 அங்குல அகலமும் உடையது. தேங்காயெண்ணெய் போன்ற உணவுப் பொருள் இருந்த பீப்பாவே தகுந்தது.

கமக்காரரின் கொட்டிலில் எளிதாக அகப்படுவது பீடைநாசினி அல்லது களைநாசினி இருந்த பீப்பாவாகும். அதனை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. பலமுறை கழுவினும், நெருப்பிலிட்டுச் சுடினும், நஞ்சு முற்றாக நீங்கியது என்று எவராலும் உறுதி கூற இயலாது. அந்நஞ்சு புகையோடு கலந்து மீனிற் படியும். அம்மீனை உண்போர் வீட்டுப் பிள்ளைகளே. உள்ளிருந்த பொருள் இன்னதெனத் தெரியாத பீப்பாவையும், தார்ப் பீப்பாவையும் அவ்வாறே விலக்குதல் வேண்டும். நாகம் பூசிய தகடும் கம்பியும் உதவா. அவை மிகச் சூடேறும்போது எழும் ஆவி காய்ச்சலை உண்டாக்கும்.

எரிபொருள் இருந்த வெறும் பீப்பா நிறைந்த பீப்பாவினும் ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவியிற் பொறி பட்டவுடன் அது வெடிக்கும். இவ்வாறு உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உளர். ஆகவே அத்தகைய பீப்பாவை வெட்டவோ, உருக்கி ஒட்டவோ முற்படாது, மூடி தனியாகக் கழலக்கூடிய உணவுப் பொருட் பீப்பாவையே தேடிக்கொள்ளல் நன்று.

அமைக்கும் முறை

அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில், சுற்றிவரச் சம தூரத்தில், முக்கால் அங்குல அகலமுள்ள நான்கு துவாரங்கள் இடப்படும். இவை காற்றுப் புகும் வழிகள். ஒவ்வொன்றின் மேலும், ஒரு புரியாணியிற் சுழலும் தகட்டுத் துண்டொன்று பொருத்தப்படல் வேண்டும். மூடியில் அரை அங்குல அகலமான எட்டுத் துவாரங்கள் இடப்படும். இவை புகையும் நீராவியும் வெளியேறும் வழிகள்.

கரி இடுவதற்குத் தடித்த கம்பி வலையாற் செய்த கூடை ஒன்று தேவை. அது 13 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உடையதாய், 3 அங்குலக் கால்களின் மேல் நிற்றல் வேண்டும். கால்கள் இல்லையெனிற் சாம்பல் அடைத்துக் கரி அணைந்துவிடும். கூடைக்கு மேல் 6 அங்குலம் விட்டு, 14 அங்குல அகலமான தட்டையான தகடொன்றைத் தாங்கிகளில் வைத்தல் வேண்டும். மீனின் நெய் நேரே நெருப்பில் விழுந்து எரியும்போது கரியும் கசப்பும் மாத்திரமன்றி, புற்றுநோயை உண்டாக்கவல்ல காபன் சேர்வைகளும் தோன்றி மீனிற் படியும். தகடு அந்நெய்யை ஏந்திக்கொள்ளும். மீன் பரப்பும் கம்பித் தட்டு, பீப்பாவின் விளிம்பிலிருந்து 7 அங்குலம் கீழே நான்கு புரியாணிகளின் மேல் அமரும்.

மீன் வைப்பதற்கு முன்னர், பீப்பாவினுள் விறகை நன்றாக எரித்துப் பூச்சையும் எண்ணெய்ப் பசையையும் நீக்குதல் வேண்டும். ஆறிய பின் தேய்த்துக் கழுவி, உட்புறத்திற் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, இரண்டு மணித்தியாலம் வெறும் புகையூட்டின் துரு பிடியாத கருமையான படை ஒன்று அமையும்.

வெப்பத்தைச் சீர்செய்தல்

பீப்பா அமைத்தல் அரை வேலை. அதனைப் பழக்குதல் மற்றைய அரை வேலை. முதல் நாளில் மீனின்றி ஒரு முறை எரித்துப் பார்த்தல் வேண்டும். உலோக வெப்பமானி ஒன்றைக் கொதிநீரில் இட்டு 100 பாகை சதமம் காட்டுகின்றதா எனச் சோதித்தபின், கம்பித் தட்டின் மட்டத்தில் அதனைப் பொருத்துக.

கூடையில் 2 முதல் 3 கிலோகிராம் கரியை இட்டு, நடுவிற் குழி செய்து, நன்கு தணலான எட்டுப் பத்துத் துண்டுகளை அக்குழியில் இடுக. தணல் நடுவிலிருந்து மெல்லப் பரவும். தீ மூட்டக் காய்ந்த தென்னம்பாளை போதும். மண்ணெண்ணெய் ஊற்றின் மீன் அதன் மணத்தையே பெறும்.

நெருப்பை ஆள்வது கரியின் அளவன்று, கீழிருந்து புகும் காற்றே. மூடியின் துவாரங்கள் எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். அவற்றை அடைத்தாற் புகை தேங்கி மீன் கசக்கும். கீழ்த் துவாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் கால் மணித்தியாலம் பொறுத்து வெப்பமானியைப் பார்த்தல் வேண்டும். பீப்பா விரைவிற் சூடேறும், ஆனால் மெதுவாகவே ஆறும். ஆதலால் வேண்டிய வெப்பத்துக்குப் பத்துப் பாகை குறைவாக இருக்கும்போதே துவாரத்தை ஒடுக்குதல் அறிவுடைமை. மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் நெருப்புக்குக் காற்றூட்டுகின்றார். மூடியின் விளிம்பிற் புகை கசியின் களிமண்ணைக் குழைத்துப் பூசலாம். சோளகக் காற்று வீசும் நாட்களிற் காற்றடிக்கும் பக்கத்துத் துவாரத்தை அடைத்து, மறு பக்கத்துத் துவாரத்தால் ஆளுதல் நன்று.

புகையின் நிறமே கமக்காரருக்கு வழிகாட்டி. தடித்த வெண்புகையும் மஞ்சட் புகையும் விறகு சரிவர எரியாமையைக் காட்டும். மெல்லிய நீலப் புகை தோன்றிய பின்னரே மீனை வைத்தல் வேண்டும். புகைக்கு மா, கொய்யா ஆகியவற்றின் காய்ந்த விறகில் கைப்பிடியளவான மூன்று நான்கு துண்டுகள் போதும். அலரி, தில்லை ஆகியன நச்சு மரங்கள். அவற்றின் ஒரு சுள்ளியும் சேரலாகாது. நிறப்பூச்சு அல்லது மருந்து ஊட்டிய பலகைத் துண்டுகளும் ஆகா.

மீனைப் பதப்படுத்தல்

அன்று பிடித்த மீனையே கொள்ளுதல் வேண்டும். பழுதுபடத் தொடங்கிய மீனைப் புகை திருத்தாது, அதன் நாற்றத்தை மறைக்க மாத்திரம் செய்யும். செதிலும் குடலும் நீக்கி, முதுகு வழியே பிளந்து, நன்கு கழுவுக. ஒரு லீற்றர் நீருக்கு 250 கிராம் உப்பு வீதம் கரைத்த நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, ஈ மொய்க்காதவாறு நிழலில் வடியவிடுக. மேற்பரப்பு காய்ந்து, கைக்குச் சிறிது ஒட்டும் பதம் வந்தவுடன் மீன் ஒன்றோடொன்று தொடாது தட்டிற் பரப்புக.

முதல் ஒரு மணித்தியாலம் 50 முதல் 60 பாகை வரையில் வைத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே வெப்பம் மிகுந்தால் மீனின் வெளிப்புறம் இறுகி, உள்ளேயுள்ள நீர் வெளியேற வழியின்றி நின்று, பின்னர் மீன் அழுகும். அதன்பின் 80 முதல் 90 பாகைக்கு உயர்த்தி, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் வைத்தல் வேண்டும். மீனின் தடித்த பாகம் அரை மணித்தியாலமேனும் 65 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் இருத்தல் அவசியம். தசை வெண்மையாகி முள்ளிலிருந்து எளிதிற் கழலுதல் வெந்தமைக்கு அடையாளம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

இங்கேயே பலர் தவறுகின்றனர். மீனைக் காப்பது புகையன்று. உப்பும், நீர் குறைதலுமே காக்கின்றன. பொன்னிறமாகவும் மென்மையாகவும் எடுக்கப்பட்ட மீன் அன்றைக்கும் மறுநாளைக்கும் உரியது. குளிர்ப்பெட்டி இருப்பின் மேலும் இரண்டொரு நாள் வைக்கலாம். சில கிழமைகளுக்கு வைக்க விரும்புவோர், புகையூட்டிய பின் அதனை வெயிலிற் பரண் மேல் மேலும் உலர்த்துதல் வேண்டும். துப்புரவு செய்த பச்சை மீன் ஒரு கிலோகிராம் இருந்தால், அது 300 கிராம் அளவுக்குக் குறையும் வரை உலர்த்துதல் நன்று. நிறுத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

சூடான மீனைப் பொலித்தீன் பையிற் கட்டலாகாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாது அடைத்த ஈரமான மீனில் உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கும் பற்றீரியாவும் வளரக்கூடும். ஆறவிட்டு, கடதாசியிற் சுற்றி, காற்றோட்டமுள்ள கூடையில் வைத்தல் தகுந்தது.

பிற குறிப்புகள்

பீப்பாவைத் திறந்த வெளியிலேயே வைத்தல் வேண்டும். கிடுகுக் கூரைக்கும் வைக்கோற் போருக்கும் அது எட்ட நிற்க வேண்டும். கரிப்புகை மூடிய அறையில் ஆளைக் கொல்லும். ஊறவைத்த உப்புநீரைத் தோட்டத்தில் ஊற்றின் நிலம் உவராகும். ஆதலால் பயிர் இல்லாத இடத்தில் அதனைக் கொட்டுக. குடலையும் செதிலையும் வாழையடியில் ஆழமாகப் புதைப்பின் நல்ல பசளையாகும். ஆறிய சாம்பலையும் மரக்கறிப் பாத்திக்குச் சிறிதளவு இடலாம்.

இவ்வருடம் குளம் வற்றும் முன்னரே பீப்பாவைத் தேடி, துவாரமிட்டு, ஒருமுறை வெறுமையாக எரித்துப் பழகிக்கொள்வோர், மீன் மலியும் நாளில் தடுமாற மாட்டார். பீப்பா எங்கிருந்து வந்தது, அதனுள் என்ன இருந்தது என்னும் கேள்விகளுக்கு உறுதியான விடை கிடைத்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். விடை கிடையாத பீப்பாவில் ஒரு மீனையும் வையாதிருத்தலே குடும்பத்துக்குக் காப்பாகும்.