முதலாளியின் நாளை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, வத்திராயிருப்பைத் தாண்டிச் சென்றால், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிளவக்கல் என்னும் இடம் இருக்கிறது. பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு மலையாறுகளின் நீரை அங்கே இரண்டு அணைகள் தடுத்து நிறுத்துகின்றன. 1970களில் எழுந்த அணைகள் அவை. பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாற்றை எண்ணிவிட வேண்டாம். இது வேறு, சிறியது. பெயரில் மட்டும் பெரியது. அணையின் உயரம் ஏறத்தாழ 47 அடி. வடகிழக்குப் பருவமழையில் இவ்வணைகள் நிரம்பினால், கீழே உள்ள கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீர் பெறுகின்றன. அவற்றின் கீழே நெல் விளைகிறது.

தொழில் நடத்துவோர் காரியங்களை ஒத்திப்போடுவதைப்பற்றிப் பேச வந்தவன் அணையைப்பற்றிப் பேசுகிறானே என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. உழவும் ஒரு தொழில்தான். நிலமுடையவனும் ஒரு முதலாளிதான். ஒத்திப்போடுவதன் விலை என்ன என்பதைக் கண்மாயைப்போல் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும் கணக்குப் புத்தகம் வேறில்லை. கோடையில் கண்மாய் வறண்டு கிடக்கும். வரத்துக்காலில் மண் மேவியிருக்கும், மடைப்பலகை இற்றிருக்கும், கரையில் முள் மண்டியிருக்கும். அப்பொழுது செய்தால் நாலு பேர் நாலு நாளில் முடித்துவிடும் வேலை அது. ஆனால் வைகாசியில் எதற்கு அவசரம்? ஆனி இருக்கிறது. ஆனியில் கேட்டால் ஆடி இருக்கிறது. ஐப்பசியில் மலைமேல் மழை கொட்டும்பொழுது மேவிய வரத்துக்காலில் நீர் ஏறுவதில்லை. பக்கத்து ஓடையில் இறங்கி ஓடிவிடுகிறது. அப்பொழுது நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றாலும் பயனில்லை.

இந்த வேலைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் குடிமராமத்து. நீரைப் பயன்படுத்தும் குடிகளே கூடிச் செய்யும் மராமத்து என்பது பொருள். இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1858-ஆம் ஆண்டிலேயே, இவ்வேலைக்கு வர மறுப்போரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த நேர்ந்தது. சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். பின்னர் 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் அதே பெயரில் ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கியது. தன் வயலுக்கே நீர் தரும் வேலையைச் செய்ய மனிதனுக்கு ஏன் சட்டமும் திட்டமும் வேண்டியிருக்கின்றன? இக்கேள்விதான் என் பேச்சின் பொருள்.

நான் இவ்வட்டாரத்துச் சிறு கடைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் நெடுங்காலம் கணக்கு எழுதிவந்தவன். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பால்கோவா அடுப்புகள் எரிந்தவண்ணம் இருக்கும். இவ்விரு தொழில்களையும் நடத்துவோரை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒத்திப்போடும் முதலாளிகள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். விடியுமுன் கடை திறப்பார்கள். இரவு பத்து மணிக்குத்தான் பூட்டுவார்கள். நாள் முழுதும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஓடிக்கொண்டே இருந்தும், செய்யவேண்டிய அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்யமாட்டார்கள்.

பால்கோவா அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒத்திப்போடுதல் என்பதே கிடையாது. காலையில் கறந்த பால் மாலைவரை காத்திருக்காது, திரிந்துவிடும். வாணலியில் கொதிக்கும் பாலைக் கிண்டுவதை இடையில் நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். இறக்கிய பால்கோவாவும் சில நாட்களுக்குள் விற்றாகவேண்டும். அடுப்பின் முன்னே நிற்பவருக்குப் பாலே மேற்பார்வையாளர். அதே கடையின் பின்கட்டில், வரவேண்டிய பாக்கிகளை எழுதிய பேரேடு ஒன்று இருக்கும். அதற்கு அடிப்பிடிக்கும் வாசனை வருவதில்லை. ஆகவே அது மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கிறது. ஒரே மனிதர், ஒரே நாள், பாலின் முன் வீரர், பேரேட்டின் முன் கோழை.

இதன் காரணத்தை உளவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபியூஷியா சிராய், திமோத்தி பிக்கில் என்னும் இருவர் 2013-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒத்திப்போடுதல் என்பது நேரத்தைப் பங்கிடத் தெரியாமையால் மட்டும் வருவதன்று. மனத்துக்கு ஒவ்வாத உணர்ச்சியிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழி என்று விளக்கினார்கள். பாக்கி கேட்கவேண்டிய வாடிக்கையாளர் அத்தை மகனாக இருக்கிறார். கேட்டால் முகம் சுளிப்பார். திருமண வீட்டில் பேசாமல் போவார். கேட்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. ‘அடுத்த வாரம் கேட்போம்’ என்று முடிவு செய்தவுடனே பாரம் இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதிதான் கூலி. கூலி உடனே கிடைக்கிறது. நட்டமோ பிறகுதான் வருகிறது. அடுத்த வாரமும் அதே கூலிக்கு ஆசைப்பட்டு மனம் அதே வேலையைச் செய்கிறது.

நட்டம் எவ்வளவு என்பதைக் கணக்கெழுதியவன் கண்ணால் சொல்கிறேன். ஒரு இலட்சம் ரூபாய் பாக்கி ஆறு மாதம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தம் முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி கட்டுகிறார் என்றால், அத்தை மகனுக்கு ஆறாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்ததாக அர்த்தம். இதோடு நிற்பதில்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கெடு எதுவும் குறிக்காமல் கடனாகக் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். அதற்குள் கடனாளி ‘கொடுக்கவேண்டியது உண்மை’ என்று எழுதிக் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். எழுதி வாங்காமல் மூன்றாண்டும் கடந்தபின், கடன் நியாயமானதே ஆயினும் நீதிமன்றத்தின் கதவு மூடிவிடுகிறது. கூச்சத்தால் கேட்காதவருக்குச் சட்டம் கூச்சப்படுவதில்லை. சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு துணை செய்திருக்கிறது: பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கூட்டுவட்டி உண்டு. ஆனால் அவ்வட்டியையும் கேட்கவேண்டியவர் அதே முதலாளிதானே!

முதலாளிக்குள்ள தனிச் சங்கடம் இதுதான். மாணவனுக்கு ஆசிரியர் இருக்கிறார்; தொழிலாளிக்கு மேஸ்திரி இருக்கிறார். முதலாளிக்கு ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்க ஆளில்லை. அந்தச் சுதந்தரத்துக்காகத்தான் பலர் சொந்தத் தொழிலுக்கே வருகிறார்கள். வந்தபின் அதனாலேயே இடறுகிறார்கள்.

டான் ஏரியலி, கிளாவ்ஸ் வெர்டன்பிராக் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் வெளியிட்ட சோதனை ஒன்று மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். பிழைதிருத்தும் வேலையைச் சிலரிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சமமான இடைவெளிகளில் கெடு விதித்தார்கள். இன்னொரு குழுவைத் தாமே கெடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்குக் கடைசி நாள் ஒன்றுதான். பிறர் விதித்த கெடுவில் நின்றவர்களே மிகுதியான பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். தாமே கெடு வைத்தவர்கள் நடுவில் நின்றார்கள். கடைசி நாளை மட்டும் பெற்றவர்கள் பின்தங்கினார்கள். ஆக, தனக்குத்தானே கெடு வைப்பது நல்லதே. பிறர் கையில் கெடுவைக் கொடுப்பது அதனினும் நல்லது.

பிறர் கையில் கொடுப்பது எப்படி? இராசபாளையத்தின் தொழில் வரலாற்றில் ஒரு வழி தெரிகிறது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் இராசபாளையம் மில்லைக் கூட்டுப்பங்கு நிறுவனமாகத் தொடங்கினார். 1939-இல் மருத்துவப் பஞ்சு செய்யும் ஆலை ஒன்று எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. போர் வரும் என்று முன்கூட்டி அறிந்து தொடங்கினார் என்று நான் சொல்லவில்லை. தேவை வந்து கதவைத் தட்டும்பொழுது ஆலை நின்றுகொண்டிருந்தது என்பதே செய்தி. 1957-இல் சிமெண்டு நிறுவனம் பதிவாயிற்று. 1962-இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நான் காட்ட விரும்புவது பெருமையை அன்று. கூட்டுப்பங்கு என்னும் அமைப்பை. அன்று நடைமுறையில் இருந்த 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, ஒவ்வோர் ஆண்டும் பங்குதாரர் கூட்டம் கூட்டியாகவேண்டும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் பதினைந்து மாதத்துக்குமேல் இடைவெளி கூடாது. தணிக்கை செய்த கணக்கை முன்வைக்கவேண்டும். பிறர் பணத்தை வாங்கிய முதலாளி, கேள்வி கேட்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். தனிக் கடை வைத்திருப்பவருக்கு இக்கூட்டம் இல்லை. அவர் அதை உண்டாக்கிக்கொள்ளவேண்டும். எனக்குத் தெரிந்த தறிக்கூட உரிமையாளர் ஒருவர், மாதத்தின் முதல் ஞாயிறன்று தம் மனைவியார் முன்னிலையில் பேரேட்டைத் திறப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார். ‘சென்ற மாதம் கேட்பதாகச் சொன்னீர்களே, கேட்டீர்களா?’ என்பதுதான் அந்த அம்மையார் கேட்ட கேள்வி. பட்டயம் பெற்ற தணிக்கையாளர் எவரும் அவ்வளவு கூர்மையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அரசும் ஒருவகையில் இதைச் செய்கிறது. 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள சரக்கு சேவை வரியில், மாதந்தோறும் கணக்குக் கொடுப்போர் அடுத்த மாதம் 20-ஆம் நாளுக்குள் கொடுக்கவேண்டும். வரி கட்டவேண்டியிருந்து தவறினால் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரிக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டி. வியாபாரிகள் இதைச் சபிக்கிறார்கள். ஆனால் கெடு இருக்கும் வரிக்கணக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுகிறது. கெடு இல்லாத வேலைகளே தேங்குகின்றன. எந்திரத்துக்கு எண்ணெய், பங்காளியோடு கணக்குத் தீர்ப்பு, மகனிடமோ மகளிடமோ தொழிலை ஒப்படைக்கும் ஏற்பாடு, இவற்றுக்கு 20-ஆம் நாள் என்று ஒன்று இல்லை. நூற்பாலையில் வளையத்தின்மேல் ஓடும் டிராவலர் என்னும் சிறு கம்பித்துண்டு தேய்ந்தபின்னும் மாற்றாமல் ஓட்டினால், நூலில் பிசிறு கூடும். நூல் அடிக்கடி அறும். ஆலை நிற்பதில்லை, தரம் இறங்குகிறது. வாங்குபவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆலைக்குப் போய்விடுகிறார். முதலாளிக்கு நெடுநாள் காரணம் தெரிவதில்லை.

இனி, எல்லாத் தாமதமும் குற்றமா? அன்று. இப்பழக்கத்துக்கு வள்ளுவர் தந்த பெயர் நெடுநீர். மடியின்மை அதிகாரத்தில் மறதி, சோம்பல், உறக்கம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, கெடப்போகிறவன் விரும்பி ஏறும் கலம் என்கிறார். அவரே வினைசெயல்வகை அதிகாரத்தில், தாழ்த்திச் செய்யத்தக்கவை சில உண்டு என்றும் ஒத்துக்கொள்கிறார். பஞ்சு வரத்துப் பருவம் தொடங்குமுன் முழுத் தேவைக்கும் கொள்முதல் செய்யாமல் காத்திருப்பவர் ஒத்திப்போடவில்லை, விலையைப் பார்க்கிறார். இரண்டையும் பிரித்தறிய நான் கையாளும் கேள்வி ஒன்று உண்டு. காத்திருந்தால் எனக்குப் புதிய செய்தி ஏதேனும் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது நிதானம். அத்தை மகனைப்பற்றி அடுத்த வாரம் எனக்குத் தெரியப்போவது ஒன்றுமில்லை; ஆகவே அது நெடுநீர்.

கடைசியாகக் கையாளத்தக்க முறை ஒன்று. பீட்டர் கோல்விட்சர் என்னும் ஜெர்மானிய உளவியலார் 1999-இல் எழுதிய கட்டுரையில், ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானிப்பதைவிட, ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நடந்தவுடன் இதைச் செய்வேன்’ என்று தீர்மானிப்பவர்களே அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். நான் கணக்கெழுதிய கடைகளில் இதைப் பழக்கியிருக்கிறேன். ‘பாக்கி வசூலிக்கவேண்டும்’ என்று குறிப்பேட்டில் எழுதவேண்டாம். ‘செவ்வாய்க்கிழமை, காலைப் பால் அடுப்பிலிருந்து இறங்கியவுடன், கல்லாவில் உட்காருமுன், முதல் பெயருக்குத் தொலைபேசுவது’ என்று எழுதவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பெயர் போதும். பிளவக்கல்லின் கீழே உள்ள ஊர்களில் மராமத்துக்கு நாள் குறிக்கும்பொழுதும் இதே முறைதான் பயன்படும்: ‘கோடையில் வெட்டுவோம்’ என்று கலைந்துபோகாமல், அறுவடை முடிந்த எத்தனையாவது நாள், எந்த மடையிலிருந்து தொடங்குவது, மண்வெட்டி கொண்டுவருபவர் யார் என்று பேசிவிட்டு எழுந்திருப்பது.