சந்திரனுக்குப் போன பாட்டு!

விண்வெளி வீரர்கள் வழித்துணைக்குக் கொண்டுபோன இசை

தூரப் பயணம் போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போவார்கள். வழியில் கேட்கப் பாட்டும் எடுத்துப் போவார்கள். பஸ், ரெயில், கார் எதுவானாலும் சரி, பாட்டு இருந்தால் தூரம் தெரிவது இல்லை.

பூமியை விட்டே போகிறவர்கள் எந்தப் பாட்டை எடுத்துப் போவார்கள்?

காதல் பாட்டு

1961-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி. ரஷிய வீரர் யூரி ககாரின், ராக்கெட்டின் உச்சியில் தன்னந்தனியாக இருந்தார். அதுவரை எந்த மனிதனும் விண்வெளிக்குப் போனது இல்லை. உயிரோடு திரும்புவது நிச்சயம் இல்லை.

புறப்பட இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் பாட்டுப் போடும்படி ககாரின் கேட்டார். ரேடியோ மூலம் போட்டார்கள். அவை வீரப்பாட்டுகள் அல்ல; காதல் பாட்டுகள்!

குட்டி மவுத் ஆர்கன்

1965-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி, "ஜெமினி-6" கப்பலில் ஷிரா, ஸ்டாபோர்டு என்ற 2 அமெரிக்கர்கள் பூமியைச் சுற்றிக்கொண்டு இருந்தனர். "வானத்தில் ஏதோ ஒரு பொருள் வடக்கில் இருந்து தெற்கே போகிறது" என்று அவர்கள் தகவல் கொடுத்தார்கள். தரையில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

கேட்டது கிறிஸ்துமஸ் பாட்டு! ஷிரா குட்டி மவுத் ஆர்கன் வாசித்தார். ஸ்டாபோர்டு சிறு மணிகளைக் குலுக்கினார். அவர்கள் "கண்டது" கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டி. விண்வெளியில் மனிதன் வாசித்த முதல் வாத்தியங்கள் இவையே.

நாடா வந்தது

சந்திரனுக்குப் போய்த் திரும்ப 8 நாள் ஆகும். 3 பேர் இருப்பதோ ஒரு பெரிய காருக்குள் இருக்கும் அளவு இடத்தில். அங்கே இசைத்தட்டு சுழலாது. ஊசி தட்டின் மேல் அழுந்தி நிற்க எடை வேண்டும். விண்வெளியில் எடை இல்லை.

கைக்கு அடக்கமான டேப் ரிக்கார்டர் இந்தக் குறையைத் தீர்த்தது. குறிப்புகளை எழுதுவதற்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்யத்தான் அதைக் கொடுத்தார்கள். இசைத்தட்டுத் தொழிலில் இருந்த மிக்கி காப் என்பவர் வீரர்களின் நண்பர். அவர் வீரர்களுக்குப் பிடித்த பாட்டுகளை நாடாவில் நிரப்பிக் கொடுத்தார்.

ஆம்ஸ்டிராங் எடுத்த பாட்டு

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் "அப்பல்லோ-11" புறப்பட்டது. நீல் ஆம்ஸ்டிராங் கொண்டுபோனது பழைய இசை. "சந்திரனில் இருந்து இசை" என்பது அந்த இசைத்தட்டுத் தொகுப்பின் பெயர்.

அது 1947-ல் வெளிவந்தது. அப்போது பூமியைச் சுற்ற ஒரு செயற்கைக் கோள்கூடக் கிடையாது. ஆம்ஸ்டிராங்கும் அப்போது இருபது வயதை எட்டாதவர்.

அதில் ஒலிக்கும் வாத்தியம் விசித்திரமானது. பெயர் தெரமின். அதைத் தொடாமலே வாசிக்க வேண்டும்! 2 உலோகக் கம்பிகளுக்கு அருகில் கைகளை அசைத்தால் ஓசை எழும். ஒரு கை சுரத்தை ஏற்றி இறக்கும். மறு கை ஓசையைக் கூட்டிக் குறைக்கும். யாரோ தொலைவில் முனகிப் பாடுவது போல இருக்கும். அந்தத் தட்டில் வாசித்த சாமுவேல் ஹாப்மன், தொழிலால் கால் வைத்தியர்!

சந்திரனில் கால் வைத்தாகிவிட்டது. கப்பல் வீடு திரும்பிக்கொண்டு இருந்தது. அப்போது ஆம்ஸ்டிராங் அந்த நாடாவைப் போட்டார். பூமியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. இது தனக்கு மிகவும் பிடித்த பழைய இசை, வந்து 20 ஆண்டு இருக்கும் என்று அவர் சொன்னார். ஓசை கரகரப்பாக இருப்பதாகப் பூமியில் இருந்து பதில் வந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்றார் உடன் இருந்த காலின்ஸ்!

அந்த நாட்களில் வீரர்களின் வீடுகளில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வைத்து இருந்தார்கள். கணவரின் குரல் வருகிறதா என்று மனைவியர் அதன் அருகில் காத்து இருப்பார்கள். கரகரத்தாலும், பாட்டுச் சத்தம் வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போலத்தானே!

மிதந்துகொண்டே ஆட்டம்

அதே ஆண்டு நவம்பரில் "அப்பல்லோ-12" போயிற்று. தலைவர் கான்ராடுக்கு கிராமியப் பாட்டு என்றால் உயிர். அதுவும் நாடாவில் ஏறியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் எல்லோரும் முணுமுணுத்த ஒரு துள்ளல் பாட்டும் இருந்தது. அதைப் போட்டுவிட்டு 3 பேரும் எடை இல்லாமல் மிதந்தபடியே ஆடினார்களாம். அவர்களில் ஒருவரான ஆலன் பீன் பின்னாளில் இதைச் சொன்னார்.

பழகிய பாட்டே துணை

போன இடம் யாரும் பார்க்காத இடம். துணைக்குக் கொண்டுபோனதோ நன்றாகப் பழகிய பாட்டு. வீட்டை நினைவூட்ட அதுபோல வேறு ஒன்று இல்லை.

இன்று ஒரு செல்போனில் ஆயிரம் பாட்டு அடங்கும். அதனாலேயே எதைக் கேட்பது என்று திண்டாட்டம். அடுத்த முறை வெளியூர் புறப்படும்போது, பல காலம் கேட்டு மனதில் பதிந்த பாட்டுகளை முதலில் எடுத்து வையுங்கள். கூட வருகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்றும் கேளுங்கள். பாட்டி ஒரு பழைய பாட்டைச் சொன்னால் சிரிக்க வேண்டாம். சந்திரனுக்குப் போனதும் பழைய பாட்டுதான்!