கிணற்று நீரும் நாட்டுச் சட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணினூடே இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்நன்னீர், கடலிலிருந்து ஊடுருவும் உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. முற்காலத்தில் துலா மிதித்தும் இக்காலத்தில் இயந்திரங் கொண்டும் கமக்காரர் இறைத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சுவது இந்நீரையே. வீட்டிற் குடிப்பதும் இதனையே. காணிகளுக்கிடையே வேலி உண்டு. கிணறுகளுக்கிடையே வேலி இல்லை. ஒரு வளவிற் சிந்தியது சுண்ணக்கல்லின் துவாரங்கள் வழியே அயல் வளவுக் கிணற்றிற் சென்று தோன்றும்.

இவ்வாறு தோன்றிய எண்ணெயே, இலங்கையின் சுற்றாடற் சட்டத்தில் மிக முக்கியமான தீர்ப்புக்களுள் ஒன்றுக்குக் காரணமாயிற்று. சுன்னாகத்தில் 2009 ஆம் ஆண்டளவில் ஒரு தனியார் நிறுவனம் எண்ணெயை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையமொன்றை இயக்கத் தொடங்கியது. பின்னர் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய் படர்வதாக மக்கள் முறையிடலாயினர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளின் நீரைச் சோதித்தபோது 109 கிணறுகளில் எண்ணெயின் அளவு நியமத்துக்கு மேற்பட்டிருந்தது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவொன்று அபாயமான மாசு இல்லையென வேறு கருத்துக் கூறியதால், எதனை நம்புவது என்று அறியாது மக்கள் மயங்கியதும் உண்டு. தோட்டத்துக்கு இறைக்கலாமோ, குழந்தைக்குக் கொடுக்கலாமோ என்ற ஐயத்துடன் ஒவ்வொரு நாளும் வாளியைக் கிணற்றில் இறக்குவது எளிதான காரியமன்று.

2015 ஆம் ஆண்டு தை மாதத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் பொதுத் தொல்லை வழக்கில் மின்நிலையத்தின் இயக்கத்தை நிறுத்துமாறு கட்டளையிட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றும் தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்பிரல் 4 ஆந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. நிலத்தடி நீர் மாசுறும் வண்ணம் மின்நிலையம் நடத்தப்பட்டதென்றும், அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை யாவர்க்கும் உறுதிசெய்யும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு மீறப்பட்டதென்றும் மன்று கண்டது. மாசுபடுத்தியவனே அதன் செலவைத் தாங்க வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்துமாறு அந்நிறுவனம் பணிக்கப்பட்டது. கிணற்றைத் துப்புரவாக்கும் செலவுக்கென ஒருவர் பெறத்தக்க தொகை ஆகக் கூடியது 40,000 ரூபா.

இத்தொகை ஒரு தோட்டக்காரர் ஒரு போகத்தில் இழந்ததையேனும் ஈடுசெய்யாது என்பது எமது எண்ணம். மனுவிலிருந்து தீர்ப்பு வரை நான்கு ஆண்டுகள் சென்றன என்பதையும் மறைத்தற்கில்லை. ஆயினும் கிணற்று நீர் மாசுற்றமை வெறும் அயற்சண்டை அன்று, அடிப்படை உரிமை பற்றிய வழக்கு என்று நாட்டின் அதியுயர்ந்த மன்று ஏற்றுக்கொண்டது சிறிய பேறன்று.

இதற்கு வழி திறந்தவர்கள் நெற்செய்கைப் பகுதியைச் சேர்ந்தவர்களே. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971 ஆம் ஆண்டு பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. பின்னாளில் அதனை அகழும் உரிமையைப் பிறநாட்டு நிறுவனமொன்றின் பங்குடன் அமைந்த கூட்டுக்கு வழங்க அரசு உடன்படிக்கை ஒன்றைத் தயாரித்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகளிற் படிவு தீர்ந்துவிடும். 2,600 குடும்பங்கள் வரை இடம்பெயர நேரிடும். கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் பழைய ஜய கங்கை வாய்க்காலுக்கும் ஊறு விளையும். அவ்விடத்துக் காணிச் சொந்தக்காரரும் விகாராதிபதி ஒருவரும் அடங்கிய எழுவர் உயர் நீதிமன்றை நாடினர். 2000 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அளிக்கப்பட்ட தீர்ப்பு, முறையான ஆராய்ச்சி நடைபெற்று அதன் முடிபுகள் வெளியிடப்பட்டு, சட்டப்படி சுற்றாடற் றாக்க மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் கிடைக்கும் வரை எவ்வுடன்படிக்கையும் செய்தலாகாது எனத் தடுத்தது. நாட்டின் இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகக் காத்து நிற்கும் பொறுப்புடையது என்ற கருத்து அத்தீர்ப்பில் விரித்துரைக்கப்பட்டது. எப்பாவலவில் அகழ்வு தொடங்குமுன்னரே தடுக்கப்பட்டது. சுன்னாகத்திலோ நீர் கெட்ட பின்னரே சட்டம் வந்து சேர்ந்தது. முந்தியதன் பயன் பெரிதென்பதைக் கமக்காரர் கவனிக்க வேண்டும்.

முந்திச் செயற்பட ஒரு வழியை 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் தருகின்றது. 1988 ஆம் ஆண்டில் அதற்குச் செய்த திருத்தத்தின்படி, குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்கள் யாவும் அனுமதி பெறுமுன்னர் ஆராயப்படல் வேண்டும். சுற்றாடற் றாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானவுடன் வர்த்தமானியிலும் புதினத்தாள்களிலும் அறிவித்தல் வெளிவரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் அறிக்கையைப் பார்வையிட்டுத் தம் கருத்தை எழுத்தில் அனுப்பலாம். சட்டத்தரணி வேண்டியதில்லை. எனினும் நீர் இறைக்கும் நாட்களில் வர்த்தமானியை யார் வாசிப்பர்? ஆகையால் கமக்காரர் அமைப்புக்கள் தம்முள் ஒருவரை இதற்கென நியமித்துக்கொள்ளல் நன்று. உரிமை மீறப்பட்டபின் உயர் நீதிமன்றை நாடுவோர் ஒரு மாதத்துள் மனுச் செய்தல் வேண்டும் என்பதும் அறியத்தக்கது. நீதவான் நீதிமன்றில் பொதுத் தொல்லை பற்றி முறையிடுதல் இதனிலும் கிட்டிய வழி. சுன்னாகத்தில் இயந்திரங்களை முதலில் நிறுத்தியது அதுவே.

இனிக் கூறுவது நம்மவர்க்குச் சற்றுக் கசப்பானது. அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரை இயற்கையைப் பாதுகாத்தலை ஒவ்வொருவருக்கும் கடமையாக விதிக்கின்றது. வலிகாமத்துக் கிணறுகளைக் கெடுப்பது எண்ணெய் மட்டுமன்று. மலகூடக் குழிகளிலிருந்து கசிவதோடு, தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் பசளையிலிருந்தும் நைத்திரேற்று நீருடன் கலக்கின்றது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. பயிர் கொள்ளாத பங்கு நைத்திரேற்றாக மாறி இறைப்பு நீருடன் கீழிறங்கும். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டிருப்பதை ஆராய்ச்சியாளர் பன்முறை கண்டுள்ளனர். போத்தற் பால் உண்ணுங் கைக்குழந்தைக்கு இந்நீர் அபாயமானது. உடல் நீலம் பாரித்து மூச்சுத் திணறும். கொதிக்க வைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இதற்கு மருந்து பசளையை ஒரேயடியாக நிறுத்துவது என்று கொள்ளற்க. 2021 ஆம் ஆண்டு வைகாசியில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவெம்பரில் அத்தடை விலக்கப்பட்டதும், இடையில் வந்த பெரும்போகத்தில் நெல் விளைவு பெரிதும் குன்றியதும் யாவரும் அனுபவித்தவை. ஆயத்தமின்றி வரும் கொள்கை நல்ல நோக்கத்தையும் பழிக்கு உள்ளாக்கும். வேண்டுவது, மண்ணைச் சோதித்து அளவறிந்து இடுதல்; ஒரே முறையிற் கொட்டாது பகுதி பகுதியாக இடுதல்; இட்டவுடன் பாத்தி நிரம்பி வழிய இறைக்காதிருத்தல்; எருவும் தழையும் சேர்த்து மண்ணின் நீர்ப்பிடிப்பை வளர்த்தல். பசளைச் செலவு குறைவதும் இதனாற் கிடைக்கும் இலாபமே.

கிணற்று நீரைச் சோதிக்க விரும்புவோர் மாதிரி எடுக்கும் முறையிற் கவனஞ் செலுத்துக. எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தலே உகந்தது. பிளாத்திக்குப் போத்தலின் பக்கங்களில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றுக்குத் துப்புரவான எப்போத்தலும் போதும். அப்போத்தலை மாதிரி எடுக்குமுன் அக்கிணற்று நீராலேயே மும்முறை அலம்புக. எண்ணெய்ச் சோதனைக்குரிய போத்தலை மட்டும் அவ்வாறு அலம்பலாகாது. திகதி, நேரம், கிணறு இருக்குமிடம், அண்மையிற் பசளை இட்ட நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, குளிரில் வைத்து அன்றே ஆய்வுகூடத்திற் சேர்ப்பிக்க. மழைக்கு முன் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்த பெறுபேறுகளை ஆண்டுதோறும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருப்பவர், நாளை முறைப்பாடு செய்ய நேரின், தம் நீர் எப்பொழுது கெடத் தொடங்கியது என்பதை எழுத்திற் காட்ட வல்லவராவார்.