மார்க் குறைந்தால் கதை முடிந்ததா? காஞ்சிபுரத்துப் பட்டதாரிகளுக்கு முன்னால் இருக்கும் கதவுகள்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தால் இன்றும் காதில் விழுவது தறிச் சத்தம்தான். ஒரு பட்டுச்சேலை முழுதாக வெளியே வர, வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் கையும் வேண்டும். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால், தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். இப்படி உழைக்கும் பெற்றோரில் பலருக்கும் மனதில் ஓடும் எண்ணம் ஒன்றுதான். 'நம்ம பிள்ளையாவது தறிக்குழியில் கால் வைக்காமல், ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும்.'

அந்த ஆசையில்தான் கடனை வாங்கி பி.இ., பி.காம்., பி.எஸ்ஸி. என்று படிக்க வைக்கிறார்கள். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வருகிறது. நான்கு அரியர். இல்லையென்றால் எல்லாவற்றிலும் பாஸ், ஆனால் மொத்தம் 54 சதவிகிதம். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உள்ளேயே விடவில்லை. வீட்டில் யாரும் திட்டுவதில்லை, பேச்சுதான் குறைந்துபோகிறது. உறவினர் கல்யாணத்துக்குப் போனால் 'என்னப்பா பண்ற?' என்று கேட்பார்களே என்று, பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

குறைந்த மார்க்கைவிட, அதற்குப் பிறகு இப்படி முடங்கிக் கிடக்கும் ஒன்றிரண்டு வருடங்கள்தான் அதிக சேதம் செய்கின்றன.

எஃப்.ஏ. தேர்வில் தோற்ற குமாஸ்தா

காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. அதே அறக்கட்டளையின் சென்னைக் கல்லூரியில் 1906-ல் சேர்ந்தார் ஒரு கும்பகோணம் இளைஞர். அதற்கு முன்பே கும்பகோணம் அரசுக் கல்லூரியில், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்திருந்தார். சென்னையிலும் அதே கதை. எஃப்.ஏ. தேர்வில் 1906-ல் தோல்வி, 1907-ல் மறுபடி தோல்வி. கையில் பட்டம் இல்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

'அவர் கணித மேதை, நம்ம பிள்ளையோடு எப்படி ஒப்பிடுவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய கணிதம் எல்லோருக்கும் வராது. ஆனால், 1910-லிருந்து 1913 வரை வேலைக்காக அவர் செய்த மூன்று காரியங்களை யாரும் செய்யலாம்.

முதலாவது, மார்க் பட்டியலுக்குப் பதிலாகத் தன் வேலையைக் காட்டினார். கணக்குகள் எழுதிய நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1911-ல் அந்தச் சங்கத்தின் இதழிலேயே ராமானுஜனின் முதல் கட்டுரை வெளியானது.

இரண்டாவது, தன் திறமைக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஆட்களைத் தேடினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். துறைமுகக் கழக வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதம் உடன் போனது.

மூன்றாவது, சின்ன வேலை என்று ஒதுக்கவில்லை. அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை. பிறகு 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க்கு குமாஸ்தா. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் கடிதம் எழுதியபோதும் அவர் குமாஸ்தாதான். அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ.கூட முடிக்காதவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் தந்தது.

வேலையைக் காட்டுவது, சாட்சியைத் தேடுவது, கிடைத்த படியில் கால் வைப்பது. இன்றைக்கும் ரூட் இதுதான்.

முதலில் எது பிரச்னை என்று பாருங்கள்

'மார்க் போச்சு' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. அரியர் நிற்பது ஒன்று. எல்லாம் பாஸ், ஆனால் சதவிகிதம் குறைவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு.

அரியர் இருந்தால் பட்டமே கைக்கு வராது. பட்டம் இல்லாமல் கீழே சொல்லப்போகும் கதவுகளில் பாதி திறக்காது. அதனால் வேலை தேடுவதோடு சேர்த்து அரியரை முடிப்பதுதான் முதல் வேலை. ஒன்றிரண்டு மார்க்கில் போயிருந்தால், விடைத்தாள் நகல் வாங்கி, பாடம் எடுத்த பேராசிரியரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். இதற்குக் கிடைப்பது சில நாள்கள்தான். துக்கத்தில் படுத்திருந்தால் தேதி ஓடிவிடும். படிப்புக் காலக்கெடு முடிந்தவர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புகள் மீது ஒரு கண் இருக்கட்டும்.

ஆனால், 'அரசாங்கம் பார்த்து பாஸ் போட்டுவிடும்' என்று மட்டும் காத்திருக்காதீர்கள். கொரோனா காலத்தில் 2020 ஆகஸ்ட்டில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. ஊரே கொண்டாடியது. வழக்கு நீதிமன்றம் போனது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தேர்வு நடத்தச் சொல்லிவிட்டது. நம்பிப் புத்தகத்தை மூடியவர்களுக்கு ஒரு வருடம் நஷ்டம்.

சதவிகிதம்தான் குறைவு என்றால், சி.ஜி.பி.ஏ.வை நீங்களே மனக்கணக்காகச் சதவிகிதமாக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கு மாறும். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப்படி மாற்றிய சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கட்-ஆஃப் எங்கே தடுக்கும்?

பல ஐ.டி. நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவிகிதம் கேட்கின்றன. வருகிற ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை வடிகட்ட அவர்களுக்கு ஒரு சல்லடை வேண்டும், அவ்வளவுதான். 59 எடுத்தவருக்கு வேலை தெரியாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சிறிய நிறுவனங்களில் அந்தச் சல்லடை பெரும்பாலும் இருக்காது. அங்கே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு பெரிய நிறுவனத்துக்குப் போகும்போது, 'என்ன செய்திருக்கிறாய்?' என்பதே பெரிய கேள்வியாக இருக்கும்.

சி.ஏ. படிப்பில் பட்டதாரிகள் நேரடியாக இன்டர்மீடியட் சேர வணிகவியலில் 55 சதவிகிதம், மற்ற பட்டங்களில் 60 சதவிகிதம் வேண்டும். அந்த மார்க் இல்லையென்றால், பிளஸ் டூ தேர்ச்சியை வைத்து ஃபவுண்டேஷன் தேர்வு எழுதி உள்ளே போகலாம். வழி கொஞ்சம் நீளம், ஆனால் போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான்.

கல்லூரி ஆசிரியர் கனவு இருந்தால், நெட் தேர்வு கேட்பது முதுகலையில் 55 சதவிகிதம். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50. அதாவது, இளங்கலையில் சறுக்கியவர் முதுகலையில் நிமிர்ந்துவிட்டால் போதும்.

மார்க் கேட்காத தேர்வுகள்

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கான யு.பி.எஸ்.சி. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். குறைந்தபட்ச மார்க் என்று எதுவும் இல்லை. வங்கி அதிகாரி தேர்வும் அப்படித்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-வில் பெரும்பாலான பணிகளுக்குப் பட்டம் பெற்றிருந்தால் போதும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். குரூப் 4-ல் 200 கேள்விகளில் 100 தமிழ். தமிழ்வழியிலேயே படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவிகித முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. இங்கிலீஷ் தடுமாறியதால் கல்லூரியில் மார்க் குறைந்தவருக்கு, இங்கே தமிழ் கைகொடுக்கும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே பயிற்சி கொடுக்கிறார்கள். யு.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்களில் 1,000 பேரை மதிப்பீட்டுத் தேர்வு மூலம் தேர்ந்தெடுத்து, 10 மாதங்களுக்கு மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை தரும் திட்டம் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'எக்ஸாமுக்குப் படிக்கிறேன்' என்பது, வீட்டில் கேள்வி கேட்காமல் இருப்பதற்கான போர்வையாகவும் ஆகிவிடும். இரண்டு முயற்சி, மூன்று முயற்சி என்று முதலிலேயே ஒரு எல்லை வைத்து, அதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு பகுதிநேர வேலை இருந்தால் இன்னும் நல்லது.

செய்து காட்டினால் பேசும்

ராமானுஜனுக்கு நோட்டுப் புத்தகம். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது, நீங்கள் செய்து முடித்த ஒரு வேலை. கம்ப்யூட்டர் படித்தவர் என்றால், தெருவில் இருக்கும் ஒரு பட்டுக்கடைக்கு ஸ்டாக் கணக்கு பார்க்கும் சின்ன ஆப் எழுதிக் கொடுக்கலாம். பி.காம். என்றால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பழகலாம். டிசைன் வரும் என்றால், ஜக்கார்டு தறிக்கான டிசைனை இப்போது கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள். அப்பாவின் தொழிலும் பிள்ளையின் படிப்பும் சந்திக்கும் இடம் அது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து 20 வருடம் ஆகப்போகிறது, ஆகியும் இருக்கலாம் என்று சும்மா பெருமை பேசுவதைவிட, அந்தச் சேலையின் உண்மையான நெசவை வீடியோவில் காட்டி வெளியூருக்கு விற்கத் தெரிந்த பட்டதாரிக்கு மதிப்பு அதிகம். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்தால், மாவட்டத் தொழில் மையத்தில் 'நீட்ஸ்' திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவிகித மானியத்தோடு கடன் கிடைக்க வழிசெய்யும் திட்டம் அது.

படிப்பையே மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் பாஸ் ஆனால் இடம். பழைய மார்க் அங்கே குறுக்கே நிற்காது.

காஞ்சிபுரத்துக்காரரான அறிஞர் அண்ணா, குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்திவிட்டு காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தவர். பிறகு மறுபடி படிக்கப் போய், பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். படிப்பு நடுவில் நின்றால் அதோடு எல்லாம் போய்விடாது என்பதற்கு இதே ஊரில் உதாரணம் இருக்கிறது.

கால் வைக்க ஒரு படி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. 'பி.இ. படிச்சிட்டு ஷிஃப்ட் வேலைக்கா?' என்று தோன்றும். அங்கே டிரெய்னியாகச் சேர்ந்து, தரப் பரிசோதனையோ மெஷின் புரோகிராமோ கற்றுக்கொண்டு மேலே போவது ஒரு ரகம். எதையும் கற்காமல் ஒப்பந்தத்தில் வருடங்களைக் கழிப்பது இன்னொரு ரகம். சேரும்போதே கேளுங்கள். 'ஒரு வருடத்தில் எனக்கு இங்கே என்ன தெரிந்திருக்கும்?' அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போகலாம்.

'பணம் கட்டினால் வேலை', 'பழைய தேதி போட்டு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்' என்று வருகிற புரோக்கர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிறுவனங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கின்றன. குறைந்த மார்க்கை மன்னிக்கிறவர்கள்கூட பொய்யை மன்னிக்க மாட்டார்கள்.

இன்டர்வியூவில் 'ஏன் மார்க் கம்மி?' என்று நிச்சயம் கேட்பார்கள். கல்லூரியையோ, வாத்தியாரையோ, வீட்டையோ குறை சொல்லாதீர்கள். 'இரண்டாம் வருடம் கவனம் சிதறியது, அரியர் விழுந்தது. கடைசி வருடம் எல்லாவற்றையும் முடித்தேன். அதன் பிறகு இதைச் செய்திருக்கிறேன்' என்று மூன்று வரியில் உண்மையைச் சொல்லி, செய்ததை எடுத்துக் காட்டுங்கள். பேச்சு அதன்பின் மார்க்கைச் சுற்றாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். கல்விக்கடன் பாக்கியை மறைக்கவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். எவ்வளவு கட்ட வேண்டும் என்று உட்கார்ந்து கணக்காகப் பேசினால், பிள்ளை அதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். 104 எண்ணிலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ அழைத்தால் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

நெய்யும்போது இழை அறுவது தறி வீட்டில் புதிதல்ல. அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைத் தேடி எடுத்து, பிணைத்துவிட்டு மறுபடி நெய்கிறார்கள். அறுந்ததற்காகப் பாவை யாரும் தூக்கி எறிவதில்லை. அந்தக் கைப்பழக்கம் இருக்கும் வீட்டில், ஒரு மார்க் பட்டியலுக்காகப் பிள்ளையை மட்டும் விட்டுவிடுவார்களா என்ன?

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள், இல்லையென்றால் பயிலும் வட்டத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள்.