கண் சிமிட்டச் சொல்லும் பென்ஷன் ஆப்... தாத்தா ஏன் தடுமாறுகிறார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் பக்கத்து கம்பெனிகளிலோ வேலை பார்த்து ரிட்டையரான ஒருத்தர் உங்க வீட்டில் இருக்கிறாரா? அப்படின்னா, வருஷத்துக்கு ஒருமுறை அவர் போனும் கையுமாக உங்களைத் தேடி வருவார். லைஃப் சர்ட்டிஃபிகேட்! 'நான் உயிரோடுதான் இருக்கேன்' என்று அவர் காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும்.

பி.எஃப் பென்ஷன் ஒன்றும் பெரிய தொகை இல்லை. 2014-ல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆனால், மாத்திரை வாங்க மகனிடம் கை நீட்டாமல் இருக்க அந்தப் பணம் வேணும். (அதுவும் 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான். கான்ட்ராக்டில் கம்பெனி மாறி மாறி உழைத்தவர்கள் கதை தனி.)

2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்தபோது, பேங்க்கில் கால்கடுக்க நிற்க வேண்டாம், விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், யாரோட விரல்? வயசாக ஆக தோல் வறண்டு, ரேகையின் மேடு பள்ளம் தேய்ந்துவிடும். ரோலிங் மில்லில் 30 வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவர் கையைக் கேட்கவே வேண்டாம். எத்தனை முறை வைத்தாலும் மெஷின் ஏற்காது.

அதனால், 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் எடுக்கும் வசதி வந்தது. ஒரு ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி', 'ஜீவன் பிரமாண்' என இரண்டு ஆப் இருந்தால் போதும். இங்கே இன்னொரு சிக்கல். எதிரில் இருப்பது போட்டோ இல்லை, ஆள்தான் என்று உறுதி செய்ய ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். தாத்தா கண்ணாடியைக் கழற்றினால் அந்த எழுத்து தெரியாது. போட்டுக்கொண்டால் கண்ணாடியில் லைட் பட்டு மின்னும். எப்போ சிமிட்டணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சிமிட்டல் சமாசாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண், கண் சிமிட்ட முடியாததால் பேங்க் கணக்கு தொடங்க முடியாமல் வழக்குப் போட்டார். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரும் தனியாக மனு போட்டிருந்தார். 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்ன நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, கே.ஒய்.சி-யை எல்லாரும் பயன்படுத்தும்படி மாற்ற 20 உத்தரவுகளைப் போட்டது. ஆக, 'தாத்தாவுக்கு டெக்னாலஜி வராது' என்பது சோம்பேறித்தனமான பதில். அவரை மனசில் வைத்து அந்த ஸ்கிரீனை யாரும் வடிவமைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். "போனைத் தொட்டாலே எல்லாம் ஆடுது, கெட்டுப்போச்சு போல" என்பார். போன் கெடவில்லை. டச் ஸ்கிரீன், விரல் பட்டதும் ஏற்படும் மின்மாற்றத்தை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. வறண்டு காய்ப்பு பிடித்த விரலை அது சரியாக உணராது. உடனே அவர் அழுத்தி, நேரம் எடுத்துத் தொடுவார். போன் அதை 'லாங் பிரஸ்' என்று எடுத்துக்கொண்டு ஐகானை நகர்த்தத் தயாராகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குப் போய் 'டச் அண்ட் ஹோல்டு டிலே'யை அதிகமாக்குங்கள். பாதிப் பிரச்னை தீரும். ஸ்வைப் செய்யும் முறையை எடுத்துவிட்டு, கீழே மூன்று பட்டன் தெரியும்படி மாற்றுங்கள். எழுத்தையும் பெரிசாக்கலாம். ஆனால், சில ஆப்களில் எழுத்து பெரிசானதும் 'சப்மிட்' பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தை 200 சதவிகிதம் பெரிசாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்று இணையதளங்களுக்கு சர்வதேச விதிமுறையே இருக்கிறது. பட்டன் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டும் சொல்கிறது. ஆப் டெவலப்பராக இருக்கும் உங்க ஃபிரெண்டுக்கு இந்த இரண்டையும் ஃபார்வேர்டு பண்ணுங்க.

சரி, சான்றிதழ் எடுக்கும் நாளுக்கு வருவோம். பி.எஃப் பென்ஷன்தாரர் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாசம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷம் செல்லும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். போனை நீங்க பிடித்துக்கொண்டு, "இப்போ சிமிட்டுங்க தாத்தா" என்று குரல் கொடுங்கள். மொபைல் நம்பர் கேட்கும் இடத்தில் அவசரத்துக்கு உங்க நம்பரைப் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருஷம் நீங்க ஷிஃப்டில் இருக்கும்போது, ஓ.டி.பி-க்காக அவர் உங்களுக்குப் போன் மேல போன் போட வேண்டியிருக்கும்.

முக்கியமான ஒன்று. பிரமாண் ஐ.டி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பி.பி.ஓ நம்பரோ, பேங்க் விவரமோ தப்பாக இருந்தால் சான்றிதழ் பின்னால் நிராகரிக்கப்படலாம். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டும். முகமும் விரலும் இரண்டுமே கைகொடுக்கவில்லையா? போஸ்ட் ஆபீஸில் சொன்னால் வீட்டுக்கே வந்து உதவுவார்கள். பேங்க் மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழைய பேப்பர் படிவமும் இன்னும் இருக்கிறது.