புயலுக்குப் பின்னும் நிற்காத தவணை

அவசரத்திற்குக் கடன் வாங்குவதும், சம்பள நாளில் அதைக் கட்டுவதும் தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிதல்ல. இன்று நாம், புயலுக்கும் கடனுக்கும் நடுவே வாழும் வங்காள தேசத்துக் கடற்கரை மக்களைப் பற்றிப் பார்ப்போம்.

அடகு வைக்க ஏதுமில்லாத ஏழைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறு தொகை கொடுத்துச் சிறுசிறு தவணையாகத் திரும்பப் பெறுவதே சிறுகடன். பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் ஜோப்ரா என்னும் சிற்றூரில் இதைத் தொடங்கினார். 1983இல் அது தனிச் சட்டத்தின்கீழ் கிராமின் வங்கி ஆயிற்று. பின்னர் நூற்றுக்கணக்கான அமைப்புகள் இதில் இறங்கின.

ஆடு வாங்கவும் வலை வாங்கவும் மக்கள் கடன் பெற்றனர். 2007 நவம்பரில் சிடர் புயல் 3,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. 2009 மே மாதம் ஐலா புயல் கரைகளை உடைத்தது. உப்புநீர் வயலில் புகுந்து நெல்லைக் கெடுத்தது. ஆடு போனாலும் வலை போனாலும் கடன் போகவில்லை. ஓரிடத்துக் கடனை அடைக்க வேறிடத்தில் கடன் வாங்கினால் சுமை இரட்டிப்பாகும் அல்லவா?

சட்டம் என்ன செய்தது? 2006இல் இயற்றப்பட்ட சட்டம் சிறுகடன் அமைப்புகளைக் கண்காணிக்க ஓர் ஆணையத்தை நிறுவியது. உரிமம் இன்றி இத்தொழில் செய்யக் கூடாது என்றது. பின்னர் வட்டிக்கு 27 விழுக்காடு என்றும், பிற்பாடு 24 விழுக்காடு என்றும் உச்சவரம்பு வந்தது. அந்த வட்டியையும் குறைந்துவரும் பாக்கிக்கே கணக்கிட வேண்டும்.

இதன் பொருள் என்ன? 1,000 டாக்கா கடனுக்கு 15 விழுக்காடு வட்டி என்று சொல்லி, வாரம் 25 வீதம் 46 வாரம் வாங்கினால் மொத்தம் 1,150 ஆகிறது. ஆனால் முதலும் வாராவாரம் குறைகிறது. சராசரியாக நம் கையில் இருப்பது பாதிப் பணமே. ஆகவே உண்மை வட்டி ஏறக்குறைய 30 விழுக்காடு!

சட்டம் வட்டியை அடக்கலாம். புயலை அடக்க முடியாது. எனவே பேரிடர் வந்தால் தவணையைத் தள்ளிவைக்கும் விதி, கடன் பத்திரத்திலேயே இருப்பது நல்லது.

நேயர்களே, எங்கே கடன் வாங்கினாலும் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். கொடுப்பவருக்கு உரிமம் உண்டா? வட்டி முழுத் தொகைக்கா, பாக்கிக்கா? வேலையோ வருமானமோ நின்றால் தவணை என்னாகும்? பதில் எழுத்தில் கிடைத்த பிறகே பேனாவை எடுப்போம்.